முதல் வரிசை எனக்கு வேண்டாம்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனருக்கு,

இங்கு அனைவரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் நீங்கள் கொஞ்சம் வாடிப்போனால் பரவாயில்லை என்று உங்கள் அக்கா எழுதச் சொன்னாள்.

நீங்கள் அனுப்பிய பாஸ் கிடைத்தது. அந்தக் கல்லூரி அலுவலகத்தில் நீங்கள் கண்காணிப்பாளர் ஆன நாளிலிருந்து ஒரு காலண்டர்கூட எனக்குக் கொடுத்ததில்லை. இப்போது தடித்த அட்டையில், உங்கள் முதல்வரே கையெழுத்துப் போட்டு, 'மூட்டுவலிக்காரர், படி ஏற விட வேண்டாம்' என்று கரிசனமாகக் குறிப்பு வேறு எழுதி, இறுதி ஆட்டத்துக்கு முதல் வரிசை இடம் வந்திருக்கிறது. அதுவும் எங்கே? என் மகள் படிக்கிற எங்கள் கல்லூரிக்காரர்கள் உட்காரும் பக்கத்தில். மச்சான், நான் கடை கடையாகப் போய்த் தராசு சோதித்து முத்திரை குத்துகிற ஆள். தட்டுக்கு அடியில் ஈயத்தை ஒட்டி வைத்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். நான் எந்தப் பக்கம் உட்கார்கிறேனோ அந்தப் பக்கம் தோற்கும் என்று ஊரே சொல்கிறது. உங்கள் முதல்வருக்கு மட்டும் தெரியாதா? என் மூட்டுமேல் அவருக்கு ஏன் இத்தனை பாசம் என்று எனக்கா புரியாது?

ஊர் சொல்வதிலும் தப்பில்லை. இரண்டு கல்லூரிக்கும் நடுவில் ஒரே சாலை, ஒரே பஸ் ஸ்டாப். மழை பெய்தால் நிழற்குடையில் பாதி அவர்களுக்கு, பாதி இவர்களுக்கு. நடுவில் ஒழுகுகிற இடத்தில் என்னைப்போல ஒருத்தன் நிற்பான். வருஷா வருஷம் பெண்கள் கூடைப்பந்துக் கோப்பை கடைசியில் இந்த இரண்டு பேருக்குள்தான் வந்து நிற்கும். உங்கள் மருமகள் அணியில் சேர்ந்த முதல் வருஷம் நான் ஆசையாகப் பார்க்கப் போனேன். ஆட்டம் முடியப் போகிற நேரம், ஒரு புள்ளி குறைவு, ஃப்ரீ த்ரோ போட அவள் கோட்டில் நிற்கிறாள், அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எனக்குத் தும்மல் வந்தது. வேண்டுமென்றா தும்முவேன்? பந்து வளையத்தைச் சுற்றி வந்து வெளியே விழுந்தது. அடுத்த வருஷம் உள்ளேயே போகாமல், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து ஜன்னல் வழியாக ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். கரண்ட் போய்விட்டது. திரும்பி வருவதற்குள் பிள்ளைகளுக்கு உடம்பு ஆறிப்போய்க் கை கால் ஓடவில்லை. போன வருஷம் அந்தத் திசைக்கே போகாமல் ஆபீசில் உட்கார்ந்து, ஸ்கோர் என்ன என்று, ஆட்டம் பார்க்கப் போயிருந்த உங்கள் அக்காவுக்கு ஒரு போன் போட்டேன். அவள் போனை எடுக்கிற நேரம் பார்த்து எங்கள் கேப்டனுக்குக் கணுக்கால் பிசகியது. அவள் 'ஹலோ'கூடச் சொல்லவில்லை. "இப்ப எதுக்குங்க போன் பண்ணீங்க?" என்றுதான் கேட்டாள்.

இந்த வருஷம் தோற்றால் கோப்பை நிரந்தரமாக உங்களுடையது. நாலு தடவை தொடர்ந்து ஜெயித்தவர்களுக்கே சொந்தம் என்று எந்தப் புண்ணியவானோ விதி எழுதி வைத்திருக்கிறான். உங்கள் மருமகள்தான் இப்போது கேப்டன், அவளுக்கு இது கடைசி ஆட்டம். ஆகவே நான் நியாயமான மனுஷன் செய்கிறதைச் செய்தேன். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும், அதுதானே என் தொழில். பயிற்சி நடக்கும்போது தூணுக்குப் பின்னால் நின்று, பாதி ஆட்டம் கண்ணைத் திறந்து பார்த்தேன், பாதி ஆட்டம் கண்ணை மூடிக்கொண்டேன். மூடியபோது பந்து பந்தாக விழுந்தது. திறந்தேன், ஒன்றும் விழவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடி மூடினேன். அந்த இருட்டில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். மாற்று ஆட்டக்காரப் பெண். "அங்கிள், நீங்க இங்க நிக்கறது கேப்டனுக்குத் தெரியுமா?" என்றாள். நான் பதில் யோசிப்பதற்குள் மொத்த அணியும் பந்தை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் எங்கள் அணியின் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் விசிலோடு தூங்கி விசிலோடு எழுந்திருக்கிறவர், அவரை 'விசில்' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கையில் ஆப்பிள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனைப் பார்க்க வருகிற மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது."

"அப்புறம் என்ன?"

"பொண்ணுங்களுக்கு இருக்கு சார். சனிக்கிழமை நீங்க வர வேணாம், போனும் வேணாம். முடிஞ்சா மனசுலகூட நினைக்காதீங்க. ஆட்டம் முடிஞ்ச அப்புறம் எவ்வளவு வேணாலும் நினைச்சுக்கோங்க."

ஆபீசிலும் இதே கதைதான். எங்கள் அதிகாரி எங்கள் கல்லூரியில் படித்தவர். எடைக்கற்கள் அடுக்கிய அலமாரிக்கு எதிரே என்னை நிற்க வைத்து, சனிக்கிழமை வெளியூர் போய் லாரி எடைமேடை ஒன்றைப் பரிசோதிக்கச் சொன்னார்.

"சனிக்கிழமை சாயங்காலம் அது மூடியிருக்குமே சார்."

"மூடியிருக்கான்னு பாத்துட்டு வாங்க."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இத்தனை வருஷ உத்தியோகத்தில் பூட்டைப் பரிசோதிக்க எனக்குப் பயணப்படி கொடுப்பது இதுதான் முதல் தடவை.

இவர்கள் எல்லாரும் சொல்வது போகட்டும், மச்சான். பெற்ற பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை, வராதீங்க என்றும் சொல்லவில்லை. மொட்டை மாடியில் நானே அளந்து அடித்துக் கொடுத்த வளையத்தில்தான் தினமும் பந்து போடுகிறாள். கீழே கூடத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். தரையில் தட்டுகிற சத்தம், பிறகு ஒரு நிசப்தம், பிறகு வளையம். என் மகள் ஆடி நான் பார்ப்பது அவ்வளவுதான். போன வாரம் மனசு கேட்காமல் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு படி ஏறினேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் பந்துச் சத்தம் நின்றுவிட்டது. காத்திருந்தேன். வரவே இல்லை. பாட்டிலைப் பாதிப் படியில் வைத்துவிட்டு இறங்கினேன், மறுபடி தட்ட ஆரம்பித்தாள். பெற்ற அப்பன் நிழல்கூட ஆகாது என்று ஆகிவிட்டதே என்று மாடிப்படிக்குக் கீழே நின்று அழுதுவிட்டேன். இதை உங்கள் அக்காவிடம் சொல்ல வேண்டாம். துடைப்பம் தேடினேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகையால் முடிவெடுத்துவிட்டேன். பாஸை இத்துடன் இணைத்துத் திருப்பி அனுப்புகிறேன், உங்கள் முதல்வரின் மூட்டுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சனிக்கிழமை நான் பூட்டிய எடைமேடை வாசலில், ஒன்றையும் நினைக்காமல் நின்றுகொண்டிருப்பேன். ஜெயித்தால் அவர்கள் சாமர்த்தியம். தோற்றால் அங்கே நின்றதற்கும் ஏதாவது காரணம் கண்டுபிடிப்பார்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், எந்த விளையாட்டிலும் சேராமல் நீண்ட நாள் நிம்மதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
யாருக்கும் எதிரே வராமல் ஒதுங்கி நடக்கும்
உங்கள் அத்தான்

பி.கு.: காலையில் உறை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் மருமகள் வந்து பாஸைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது என்னப்பா?"

"உன் மாமா அனுப்பினது. திருப்பி அனுப்பறேன்."

"அனுப்பாதீங்க. வாங்க."

"நான் வந்தா தோத்துடுவீங்களேம்மா."

"வராட்டியும் தோப்போம்ப்பா. அவங்க நல்ல டீம். எனக்கு முட்டி வேற சரியில்ல. ஒரு மாசமா யாருக்கும் சொல்லல. அன்னைக்கு நீங்க படி ஏறினப்ப நொண்டிக்கிட்டிருந்தேன், நீங்க பாத்துடக் கூடாதுன்னுதான் அப்படியே நின்னேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முதல் வருஷம் ஃப்ரீ த்ரோவை விட்டது நான்ப்பா. உங்க தும்மல் எனக்குக் கேக்கவே இல்ல. ஆனா எல்லாரும் உங்களைச் சொன்னாங்களா, என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லல. நானும் பேசாம இருந்துட்டேன். சனிக்கிழமை நீங்க இல்லாம தோத்தோம்னா என்னைத்தான் சொல்வாங்க."

ஆகவே மச்சான், மேலே எழுதியிருப்பதில் ஒன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாஸ் என்னிடமே இருக்கட்டும். எடைமேடைக்கு லீவு எழுதிவிட்டேன். முட்டி விஷயம் உங்களோடு இருக்கட்டும். நீங்கள் முதலில் அவளுக்குத் தாய்மாமன், அப்புறம்தான் அந்தக் கல்லூரிக்குக் கண்காணிப்பாளர். உங்களால் முடிந்தால் எனக்கு அதே முதல் வரிசையில் நட்டநடு இடமாக மாற்றிக் கொடுங்கள், எல்லாருக்கும் நான் தெரிய வேண்டும். எங்கள் ஆபீஸ் பியூனிடம் மூக்குப்பொடி டப்பா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அவள் கையிலிருந்து பந்து தவறுகிற நேரம் பார்த்து, அரங்கம் முழுக்க என் பக்கம் திரும்புகிற மாதிரி ஒரு தும்மல் போடுவேன்.