இணையம் (பொறுப்பு)

ஒருவர் படைப்பை இன்னொருவர் திருடாமல் காக்கும் உயரிய நோக்கத்துடன் அரசாங்கம் ஓர் இயக்ககத்தை நிறுவியிருந்தது. அதற்கு மூன்று மாடிக் கட்டடமும், ஒரு லிஃப்டும், லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அழியாத பெயிண்டில் எழுதிய அறிவிப்பும் இருந்தன. மக்கள் கண்ட படத்தையெல்லாம் எடுத்துக் கண்ட இடத்தில் போடுகிறார்கள், காதில் விழுந்த பாட்டையெல்லாம் தங்கள் வீட்டு வீடியோவுக்குப் பின்னால் ஓட்டிவிடுகிறார்கள் என்று இயக்ககம் சில காலமாகவே மனவேதனையில் இருந்தது. வேதனை கூட்டமாகி, கூட்டம் தீர்மானமாகி, தீர்மானம் கடைசியில் ஒரு சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது.

'திருடாதீர்! அடுத்தவர் படைப்பும் அடுத்தவர் சொத்தே!' என்று மேலே கொட்டை எழுத்து. நடுவில், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சாவித் துவாரத்துக்குள் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வயதான ஆள். கீழே, எறும்பு வந்து நின்றால் மறைந்துபோகும் அளவில், 'படம்: நன்றி, இணையம்.'

இந்தக் கடைசி வரி இயக்ககத்தின் பிரிவு எழுத்தர் அம்மாளின் கைவண்ணம். 'திருடன் மாதிரி ஒரு படம் போடுங்க' என்று இயக்குநர் சொன்னதும், கம்ப்யூட்டரில் தேடி, மூன்றாவதாக வந்த படத்தை எடுத்து, அடியில் நன்றியும் போட்டுவிட்டார். பதினைந்து வருடமாக இப்படித்தான் செய்துவருகிறார். நன்றி கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

படத்தில் இருந்தவர் திருடர் அல்ல. கடைத்தெரு முனையில் முப்பது வருடமாகச் சாவி செய்துகொடுப்பவர். ஊருக்கு அவர் சாவிக்காரர். படத்தை எடுத்தது அவருடைய மகள். அதே தெருவில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். அப்பா ஒரு பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது எடுத்த அந்தப் படம், ஸ்டூடியோவின் இணையப் பக்கத்தில் அவள் பெயரோடுதான் இருந்தது. பெயர் ஓரத்தில் இருந்ததால் எழுத்தர் அம்மாள் ஓரத்தை வெட்டிவிட்டார். சுவரொட்டிக்கு அளவு ஒத்துவரவில்லையாம்.

சாவி செய்பவருக்கு முதல் என்பது அரமும் இரும்பும் இல்லை. 'இவர் கையில் நம் வீட்டுச் சாவி இருக்கலாம்' என்று ஊர் நினைக்கிற அந்த ஒரு நினைப்புதான். சுவரொட்டி ஒட்டிய மூன்றாம் நாள் ஒரு அம்மாள் வந்து, நகல் போடக் கொடுத்திருந்த சாவியைத் திருப்பிக் கேட்டார்.

"அவசரமில்ல, அப்புறம் பார்த்துக்கலாம்."

"நேத்து ரொம்ப அவசரம்னீங்களே?"

"நேத்து அவசரமா இருந்துச்சு."

நாலாம் நாள், எப்போதோ அவரிடம் சாவி செய்துகொண்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் வீட்டுப் பூட்டையெல்லாம் புதிதாக மாற்றிவிட்டதாகத் தகவல் வந்தது. ஐந்தாம் நாள் யாருமே வரவில்லை. சாவிக்காரர் கடையைச் சாத்திவிட்டு ஸ்டூடியோவுக்கு வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, பஸ் நிறுத்தத்துல ஒருத்தன் என் மூஞ்சியைப் பார்த்தான். திரும்பிச் சுவத்தைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். அப்புறம் பையை இறுக்கிப் புடிச்சிக்கிட்டான்."

"நான் போய்ப் பேசறேன்ப்பா. தெரியாம நடந்திருக்கும். சொன்னா எடுத்துடுவாங்க."

இப்படி நம்புகிறவர்கள் இன்னும் இருப்பதால்தான் அலுவலகங்களில் இவ்வளவு பேருக்கு வேலை இருக்கிறது.

எழுத்தர் அம்மாள் அவளை அன்போடு உட்காரச் சொன்னார். புகார் மனுவைப் படித்தார். மனுவோடு குத்தியிருந்த படத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இது என்ன?"

"உங்க சுவரொட்டி மேடம். ஆதாரத்துக்குப் போன்ல எடுத்தேன்."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க? இது இயக்ககத்தோட படைப்பு. ஓரத்துல போட்டிருக்கு பாருங்க, 'முழு உரிமையும் இயக்ககத்துக்கே.'"

"அதுல இருக்கிற படமே என்னோடது!"

"இருக்கலாம். சுத்தி இருக்கிற எழுத்து எங்களோடது." குரலைத் தாழ்த்தினார். "முதல் தடவைங்கறதால விடறேன். கிழிச்சிடுங்க."

அவள் கிழிக்கவில்லை. "என் படத்தை என்னைக் கேக்காம எடுத்திருக்கீங்க."

"எடுக்கலம்மா. இணையத்துல கிடந்துச்சு."

"கிடக்கல மேடம். வெச்சிருந்தேன்."

"அதான் நன்றி போட்டிருக்கோமே!"

"எனக்கு நன்றி வேண்டாம். கேட்டிருக்கணும். உங்க கையேட்டுல மூணாவது விதி என்ன சொல்லுது? 'நன்றி தெரிவிப்பது அனுமதி பெறுவதற்கு ஈடாகாது.'"

எழுத்தர் அம்மாள் மேசை இழுப்பறையிலிருந்து கையேட்டை எடுத்து, அதன் வாழ்நாளில் முதன்முறையாகத் திறந்து, மூன்றாவது விதியைப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க," என்றார். "ஆனா இது பொதுமக்களுக்கு."

"எழுதினது யாரு?"

"வேற ஏதோ நாட்டு இயக்ககம். நாங்க நம்ம மொழியில போட்டுக்கிட்டோம். பின்னட்டையில பாருங்க, நன்றி இருக்கும்."

இருந்தது.

இயக்ககம் கல்நெஞ்சு படைத்ததல்ல. மனு முறைப்படி பதிவாகி, கோப்பு திறக்கப்பட்டது. கோப்பின்படி படத்தின் உரிமையாளர் இணையம். இப்போது வேறொருவர் உரிமை கோருவதால், 'தங்களுக்கு ஆட்சேபம் ஏதும் உண்டா' என்று கேட்டு இணையத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போனது. இரண்டு வாரத்தில் 'இப்படி ஒருவர் இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

"அப்போ இணையம்னு ஒருத்தர் இல்லைன்னு தெரிஞ்சு போச்சே மேடம்?" என்றாள் ஸ்டூடியோக்காரி.

"வீடு மாறியிருக்கலாம். நினைவூட்டல் ஒண்ணு அனுப்பியிருக்கோம்."

நினைவூட்டலும் திரும்பி வந்தது. அதற்குள் சாவிக்காரர் கடைத்தெரு பக்கம் போவதையே நிறுத்தியிருந்தார். வீட்டில் உட்கார்ந்து, யாரும் கேட்காத பூட்டுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"வேற வழி சொல்லுங்க," என்று மகள் மூன்றாம் முறை வந்து நின்றபோது எழுத்தர் அம்மாள் யோசித்தார்.

"படம் உங்களுதுன்னா அசல் காட்டணும்."

கேமராவிலிருந்த அசலைக் காட்டினாள்.

"இதுல முத்திரை இல்லையே."

மறுநாள் அவள் அப்பாவையே கூட்டிக்கொண்டு வந்தாள். இயக்ககத்தில் இதற்கு முன்னுதாரணம் இல்லாததால் சிறிது பரபரப்பு உண்டாயிற்று. சாவிக்காரரைக் கதவருகே நிற்கவைத்து, குனியச் சொல்லி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, சுவரொட்டியைப் பக்கத்தில் பிடித்து மூன்று பேர் ஒப்பிட்டார்கள்.

"கொஞ்சம் இளைச்சிருக்கார்," என்றார் ஒருவர்.

"உங்க புண்ணியம்," என்றார் சாவிக்காரர், கண்ணைத் திறக்காமல்.

ஒப்பீடு திருப்திகரமாக அமைந்து, 'உண்மை நகல்' என்று சாவிக்காரருக்கு ஒரு சான்றிதழ் தயாரானது.

"நகலா?" என்றாள் மகள். "இவர் ஆளும்மா. சுவரொட்டிதான் நகல்."

"ஃபைல்ல முதல்ல வந்தது சுவரொட்டிதான். இவர் இன்னைக்குத்தானே வந்தார்."

சான்றிதழில் வட்ட முத்திரை வைக்கவேண்டிய இடத்தில்தான் சிக்கல் வந்தது. முத்திரை இயக்குநர் அறை பீரோவுக்குள் இருந்தது. பீரோவின் சாவி தொலைந்து ஒரு மாதம் ஆயிற்று. பூட்டுத் திறக்க வந்தவர்கள் இருவரையும் வாசல் காவலாளி, சுவரொட்டியை ஆழ்ந்து படித்தவர் என்பதால், பார்த்தவுடனே விரட்டியடித்திருந்தார். ஒரு மாதமாக இயக்ககத்தில் எந்த உத்தரவும் பிறக்கவில்லை. ஊரில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

இயக்குநர் சாவிக்காரரைத் தன் அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

"பெரியவரே, இதைக் கொஞ்சம் திறந்து குடுங்களேன்."

"யாரோட பீரோ ஐயா?"

"இயக்ககத்தோடது."

"இயக்ககத்தைக் கூப்பிடுங்க. கேட்டுட்டுத் திறக்கறேன்."

"நான்தாங்க இயக்குநர்!"

"தப்பா நினைக்காதீங்க ஐயா. சொந்தக்காரர் எதிர்ல நின்னு சொல்லாம பூட்டுல கை வைக்க மாட்டேன். வழியில கிடந்துச்சுன்னு ஒருத்தன் சாவியைக் கொண்டு வந்தா, நகல் போட்டுத் தர மாட்டேன். கிடந்த சாவின்னு ஒண்ணு கிடையாது ஐயா. யாரோ தொலைச்ச சாவிதான்." தன் கம்பிகளைத் துணியில் சுற்றினார். "கேக்காம திறக்கிறவனுக்கு வேற பேரு. அதைத்தான் என் மூஞ்சிக்கு மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க."

இயக்குநர் பீரோவின் கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு எழுத்தர் அம்மாளைக் கூப்பிட்டார்.

"அந்தப் படத்தை எடுத்துட்டா என்ன?"

"எடுக்கலாம் சார். உரிமையாளர் எழுதிக் கேக்கணும். உரிமையாளர் இணையம்னு ஃபைல்ல ஏறிடுச்சு. ஃபைலை மாத்த முடியாது."

"ஃபைலை மாத்த வேண்டாம்," என்றார் இயக்குநர். அவர் அந்த நாற்காலிக்கு வந்தது சும்மா அல்ல. "இணையம்ங்கற பதவி காலியாத்தானே இருக்கு? தபால்காரரே சொல்லிட்டார். இந்த அம்மாவைப் பொறுப்புல போட்டுடுங்க."

அப்படியாக, அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, கடைத்தெரு ஸ்டூடியோக்காரி 'இணையம் (பொறுப்பு)' என்று கையெழுத்திட்டு, தன் படத்தை எடுத்துவிடும்படி தனக்கே உரிய அதிகாரத்துடன் கேட்டுக்கொண்டாள். போடும்போது பேனா ஒரு கணம் தயங்கியது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், போட்டுவிட்டாள். இயக்குநர் இயக்ககத்தின் சார்பில் எழுந்து நின்று, பீரோவைத் திறக்குமாறு உரக்கக் கேட்டார். சாவிக்காரர் கம்பியை நுழைத்தார். எழுத்தர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் பீரோ திறந்துகொண்டது.

இயக்ககம் சொன்னபடியே செய்தது. பழைய சுவரொட்டிகளின் மேல் புதிய சுவரொட்டி ஒட்டினார்கள். கொட்டை எழுத்து அதேதான். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம். அதற்குள் 'படம் பின்னர்'. சாவியைத் திருப்பி வாங்கிப்போன அம்மாள் மறுபடி வந்தார்.

"அண்ணே, இப்ப அவசரம்."

சாவிக்காரர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, சாவிக்காரர் தன் கடையில் கூரை ஒழுகுகிறது என்று மகளின் ஸ்டூடியோ மூலையில் உட்கார்ந்து ஒரு சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் பதினோரு பேர் வரிசையாக நின்றார்கள். எல்லார் கையிலும் இயக்ககத்தின் வட்ட முத்திரை வைத்த கடிதம். 'தங்கள் புகார் உரிய உரிமையாளரான இணையம் (பொறுப்பு) அவர்களுக்கு மாற்றப்படுகிறது. அவரை நேரில் அணுகவும்.' பதினைந்து வருடமாக எழுத்தர் அம்மாள் யார் யாருடையதை எடுத்து நன்றி போட்டாரோ, அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஓர் ஓவியர். சமையல் குறிப்பு எழுதும் ஒரு அம்மாள். தன் நாய்க்குட்டியைப் படமெடுத்திருந்த ஒரு கல்லூரிப் பெண். அசல் கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்ததால் நாய்க்குட்டியும் வந்திருந்தது.

முதலில் நின்றவர் புல்லாங்குழல் வாத்தியார்.

"நீங்கதானேம்மா இணையம்?"

"பொறுப்புதான்," என்றாள் அவள், தலையைப் பிடித்துக்கொண்டு. "சொல்லுங்க சார். எந்தச் சுவரொட்டியில எடுத்தாங்க?"

"சுவரொட்டி இல்லம்மா. ஒரு இணையப் பக்கத்துல. திறந்தா என் மெட்டு தானா ஓடுது. யாருதுன்னு தெரியல, கீழ உங்க பேர்தான் போட்டிருக்கு. இயக்ககத்துல கேட்டேன், இங்க அனுப்பிட்டாங்க."

போனைத் திறந்து நீட்டினார். குழல் மெல்ல ஆரம்பித்தது. திரையில் ஒரு கண்ணை மூடிய அப்பா வந்தார். கல்யாணம், பிறந்தநாள், பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுத்துத் தரப்படும் என்ற வரி வந்தது. அடியில், எறும்பு அளவில்: 'இசை: நன்றி, இணையம்.'

அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

"அது... இணையத்துல கிடந்துச்சு சார்," என்றாள். சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

"கிடக்கலம்மா," என்றார் வாத்தியார். "வெச்சிருந்தேன்."

அவள் முகம் சிவந்து, வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் மனுவை வாங்கிப் பார்த்தாள். அருமையான மனு. சட்டப் பிரிவுகளெல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில், 'இங்ஙனம், இங்கே உங்கள் பெயரை எழுதவும்.'

"சார், இந்த மனுவை நீங்க எழுதினீங்களா?"

வாத்தியார் தொண்டையைச் செருமினார். பின்னால் நின்ற பத்துப் பேரும் சட்டென்று தங்கள் மனுக்களை மடித்துப் பிடித்தார்கள். மடிப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள். பதினொன்றும் ஒரே மனு.

மூலையில் அரம் நின்றது. சாவிக்காரர் கையிலிருந்த சாவியை வெளிச்சத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் வரிசையை ஒரு முறை, மகளை ஒரு முறை பார்த்தார்.

"பாப்பா, அந்தச் சுவரொட்டியில கட்டம் இன்னும் காலியாத்தானே இருக்கு?"

"ஆமாப்பா."

"எல்லாரையும் சேர்த்து நிக்க வெச்சு ஒரு படம் எடு. நீயும் போய் நின்னுக்க." மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். "கேட்டுட்டு எடு."