களவெட்டியில் காப்புறுதி

எந்தப் படிப்புக்கும் ஊரில் ஒரு மரியாதை உண்டு. டாக்டருக்குப் படிக்கிறவனிடம் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். சட்டம் படிக்கிறவனிடம் வேலித் தகராறைச் சொல்லி அழுவார்கள். மௌலவிக்கு ஓதுகிறவனைக் கண்டால் சிகரட்டை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பார்கள். நான் படித்த படிப்பின் பெயரைச் சொன்னால் மட்டும் ஊர் இரண்டடி பின்வாங்கி நின்றது.

காப்புறுதியும் இடர் முகாமைத்துவமும். பட்டத்துக்கு மேல் இன்னொரு பட்டம். எண்பதுகளின் தொடக்கத்தில், கொழும்பில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்துகொண்டு, மாலையில் கழுத்துப் பட்டியைக்கூடத் தளர்த்தாமல் வகுப்புக்கு ஓடி ஓடிப் படித்தேன். கல்முனையில் உம்மாவுக்கு அது என்ன படிப்பென்று விளக்கத் தெரியாது. பெருமைப்படத் தெரியும்.

“பெரிய படிப்பு. ஊடு பத்தினா, தோணி கவுந்தா, ஆள் மவுத்தானா, எல்லாத்துக்கும் எங்கட மகன்தான்” என்பார், கல்யாண வீடுகளில். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் மெதுவாக எழுந்து வேறு கதிரைக்குப் போய்விடுவார்களாம்.

எங்கள் விரிவுரையாளர் மெலிந்த, இருமல்காரரான ஒரு மனிதர். “சொந்தக்காரன் வாயால் சொல்லப் பயப்படுகிற கெடுதியை நீங்கள் சொல்ல வேண்டும். அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்” என்பார். அந்த வாக்கியம் எனக்குள் போய் விளக்குப்போல எரிந்தது. அவரே அந்த வருடம் ஒரு வேலை தந்தார்: ஏதாவது ஒரு தொழிலைத் தெரிவுசெய்து, இடத்துக்கே போய், உரிமையாளரோடு கதைத்து, அதற்கு நேரக்கூடிய அத்தனை கெடுதிகளையும் கேட்டறிந்து கட்டுரை எழுத வேண்டும். மற்றவர்கள் தேயிலைக் களஞ்சியம், துறைமுகம், ஆடைத் தொழிற்சாலை என்று போனார்கள். நான் ஆதம்பாவா மாமாவின் நெல்லைத் தெரிவுசெய்தேன்.

ஆதம்பாவா மாமா உம்மாவின் காக்கா, அதாவது அண்ணன். நிந்தவூரில் வீடு, நாவிதன்வெளிப் பக்கம் வயல். பெரிய வயற்காரர் என்ற மரியாதையில் ஊர் அவரைப் போடியார் என்றது. அவருடைய மகள் சுலைஹாவை எனக்குப் பேசி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுப்பது அவளைப் பெற்ற வாப்பாவின் கடமை. சுலைஹாவின் வீட்டுக்குச் சுவர் எழும்பியிருந்தது. கூரை இல்லை. அந்த மாரிப்போகத்து நெல்லை விற்றுத்தான் ஓடு வாங்க வேண்டும். ஓடு ஏறினால் நிக்காஹ்.

ஆக, அந்த வயலில் கிடந்தது வெறும் நெல் அல்ல. என் கல்யாணம் கதிராகி, அறுவடையாகி, சூடு என்கிற கதிர்ப்போராக அடுக்கப்பட்டு, மிதிபடக் காத்துக் கிடந்தது. இது தெரிந்த, மூளையுள்ள எந்த மனிதனும் சூடடித்து நெல்லைப் பிரிக்கும் நாளில் அந்தத் திசைக்கே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டான். நான் பட்டப்பின் படிப்பு மாணவன். பஸ் ஏறிப் போனேன்.

களவெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சூடடிக்கிற அந்த வட்டத்துக்குள் கால் வைத்தால் மனிதர்களின் நாக்கே மாறிவிடும். நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். தீர்ந்தது, குறைந்தது, கெட்டது, இல்லை என்ற சொற்களையெல்லாம் செருப்போடு சேர்த்து வரப்பிலேயே கழற்றி வைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்கிறதாம். கெட்ட சொல் காதில் விழுந்தால் பறக்கத்தை, இறைவன் தந்த பெருக்கத்தை, அள்ளிக்கொண்டு போய்விடுமாம். மாடு மிதித்த காலம் போய் உழவு மிசின் வந்த பிறகும் இது மாறவில்லை. டீசல் முடிந்தால், “மிசினுக்குப் பசிக்கிது” என்றுதான் குரல் வரும்.

எனக்கு இது தெரியாததல்ல. தெரியும். ஆனால் அறிவியலுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு என்று நினைத்துவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மிசின் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. வைக்கோல் தூசு வெயிலில் பொன்பொடியாகப் பறந்தது. நடுவில் பொலி ஒரு சின்ன மலைபோலக் குவிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சுலைஹாவின் முகம் ஞாபகம் வந்தது. (சத்தியமாக வந்தது. காதலிப்பவனுக்கு நெற்குவியலில்கூட முகம் தெரியும்.) வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டி, சப்பாத்து. வரப்பில் நான் நடந்து வந்ததைப் பார்த்து இரண்டு கொக்குகள் எழுந்து போய்விட்டன.

“என்ன மருமகன், கோட்டுக்குப் போற மாதிரி வந்திருக்கீங்க?” என்றார் மாமா.

“படிப்பு விசயமா உங்களோட கொஞ்சம் கதைக்கணும் மாமா.”

“ஓம் ஓம், கதைங்க. கதைக்கிறதுக்கென்ன.” வேலையாட்கள் பக்கம் திரும்பினார். “எங்கட மருமகன். கொழும்புல பெரிய படிப்பு.”

இஞ்சித் தேத்தண்ணி வந்தது. குடித்தேன். விரிவுரையாளரை மனதில் நினைத்துக்கொண்டு, நல்ல கணீரென்ற குரலில் ஆரம்பித்தேன்.

“மாமா, இந்தச் சூட்டுல தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?”

மிசின் நின்றது. டீசல் தீர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். ஓட்டியவன் வாயைப் பிளந்தபடி இருக்கையில் அப்படியே இருந்தான். களவெட்டிக்குப் பொறுப்பாக நின்ற அலியார் காக்கா மட்டும் குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்து, “பொலி, பொலி, பொலி” என்று அவசர அவசரமாகச் சொன்னார், தும்மியவனுக்குப் பதில் சொல்வதுபோல.

“தம்பி வெயில்ல வந்த களை. நிழலுக்கு வாங்க மனே” என்றார் என்னிடம்.

“களைப்பில்ல காக்கா. சரி மாமா, தீயை விடுங்க. வெள்ளம்?”

மாமாவின் தாடி இலேசாக ஆடியது. மாப்பிள்ளையாகப் போகிறவனை நாலு பேருக்கு முன்னால் ஏச முடியாது. அவர் என்னை அன்பாலேயே அப்புறப்படுத்தப் பார்த்தார்.

“மருமகன், மாமி இறால் ஆணம் காய்ச்சி வெச்சிருக்கா. சுறுக்காப் போனா சுடச்சுடச் சாப்பிடலாம்.”

“பசிக்கல்ல மாமா. யானை?”

அலியார் காக்கா தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். “அந்தப் பேரைச் செல்லப்படாது தம்பி. பெரியவர் எண்டு செல்லுங்க.”

“சரி, பெரியவர். பெரியவர் கூட்டமா வந்து முழுசையும் மிதிச்சிட்டா?”

(அப்போது என்னைப் பிடித்து வாய்க்காலில் போட ஒருவனுக்குமா கை வரவில்லை? மரியாதை என்பது சில வேளை எவ்வளவு கெட்ட பழக்கம்.)

நான் விடவில்லை. கள்ளன், எலி, பூச்சி, நிறுவையில் மோசடி, லொறி கவிழ்தல் என்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் அலியார் காக்காவின் “பொலி, பொலி” சத்தம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பாடப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருந்த கேள்விக்கு வந்தேன்.

“மொத்தமா ஒண்டுமே இல்லாமப் போறதுக்கு எவ்வளவு சாத்தியம் இருக்கெண்டு நெனைக்கிறீங்க, மாமா?”

மாமா என் தோளுக்கு மேலால் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். வயல்கள் போய் முடிகிற இடத்தில், காலையில் இல்லாத ஒரு மேகம், யாரோ கூப்பிட்டதுபோல எழும்பி வந்துகொண்டிருந்தது.

அறுவடைக் காலத்து மழை வந்தால் சொல்லிக்கொண்டு வராது. (அன்று சொல்லிக்கொண்டுதான் வந்தது. சொன்னவன் நான்.) முதல் துளி என் நெற்றியில் விழுந்தது. அடுத்த கணம் எல்லோரும் ஓடினார்கள். படங்கை இழுத்துக் குவியலை மூடினார்கள். காற்று வந்து ஒரு மூலையைத் தூக்கியது. கல் வைத்தார்கள், அதையும் உருட்டிவிட்டது. “ஆரும் மேல படுங்க” என்றது ஒரு குரல். காற்றுக்குச் சமமான பாரமாக அந்த நேரம் அங்கே வேலையில்லாமல் நின்றது நான் ஒருவன்தான். போய் விழுந்தேன். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டி, சப்பாத்தோடு, படங்கின் மேல் குப்புறப் படுத்து, அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மழை முதுகில் அடித்தது. வயிற்றுக்குக் கீழே பொலி வெயிலின் சூடு ஆறாமல் கதகதவென்று இருந்தது, உயிருள்ள ஒன்றைக் கட்டிப்பிடித்திருப்பதுபோல. யா அல்லாஹ், ஓடு மட்டுமாவது மிஞ்சட்டும் என்று கேட்டேன்.

மழை விட்டது. படங்கைத் தூக்கினார்கள். மேற்பாதி காய்ந்திருந்தது. கீழே தண்ணீர் புகுந்து ஒரு பக்கம் முழுவதும் ஊறிப்போயிருந்தது. மாமா ஒரு பிடி அள்ளினார், கையை விரித்துப் பார்த்தபடி நின்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஆறுதல்கள் எல்லாம் பாடப்புத்தகத்தில் இருந்தவை.

“கவலப்படாதீங்க மாமா. இது பகுதி நட்டம்தான்.”

ஆதம்பாவா மாமா வாழ்நாளில் என்னிடம் மரியாதை இல்லாமல் கதைத்தது அந்த ஒரு முறைதான்.

“வாயப் பொத்துடா” என்றார்.

நனைந்த நெல் நிறம் மாறி முளைவிட்டது. ஓட்டுக்கு வழியில்லை. கல்யாணத்தை அடுத்த போகத்துக்குத் தள்ளலாம் என்று உம்மாவுக்குச் சொல்லியனுப்பினார்கள். தள்ளுவது என்பது எங்கள் பக்கத்தில் விடுவதற்கு மரியாதையான பெயர். அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளையைப் பற்றிக் கதை அடிபட்டது. ஊரில் என் பெயர் அதற்குள் கரிநாக்கு. கடற்கரையில் நடந்தால், தோணி தள்ளுகிற ஒருவர் சலாம் சொல்லிவிட்டு, “தம்பி, கடலப் பத்தி மட்டும் ஒண்டும் செல்லிராதீங்க” என்று கெஞ்சினார். உம்மா கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

லீவு முடிகிற அன்று மன்னிப்புக் கேட்க நிந்தவூருக்குப் போனேன். மாமா கதிரையில் இருந்தார். நானும் இருந்தேன். உள்ளறைத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

“மச்சான்” என்றாள் சுலைஹா, திரைக்கு அந்தப் பக்கமிருந்து. “உங்கட படிப்புல தென்னோலைக் கிடுகுக் கூரைக்கு என்ன செல்லியிருக்கு?”

நான் கேள்வியின் ஆழம் தெரியாமல் விடையை ஒப்புவித்தேன். “ஆக மோசமான வகை. தீயும் பிடிக்கும், மழையும் ஒழுகும், காத்தும் தூக்கும். ஒரு கம்பெனியும் காப்புறுதி தராது.”

“அதவிட மோசமா ஒண்டு இருக்கா?”

“இல்ல.”

“அப்ப பயப்பட ஒண்டும் மிச்சமில்லதானே. வாப்பா, ஓட்டுக்குப் பாத்துக்கொண்டு நிக்காம கிடுகப் போட்டு முடிங்க.”

மாமா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த சால்வையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கிய விதத்தில் அழுகிறாரென்று பயந்து எழுந்து நின்றேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“நல்ல வேளை மருமகன், நீங்க படிச்சீங்க. இவள் படிச்சிருந்தா ஒங்கட கம்பெனிய வித்திருப்பாள்.”

கிடுகுக் கூரையின் கீழ் எங்கள் நிக்காஹ் நடந்தது. மிச்சப் படிப்பின் லீவு நாட்களெல்லாம் அந்தக் கூரையின் கீழ்தான், சட்டிகளில் மழைத்துளி தாளம் போட, படித்தேன். பட்டமும் கிடைத்தது. அந்தக் கட்டுரைக்கு மட்டும் குறைந்த புள்ளி. ‘உரிமையாளர் போதிய ஒத்துழைப்பு வழங்கவில்லை’ என்று எழுதியிருந்தேன்.

பிறகு கல்முனைக்கே மாற்றலாகி வந்தேன். ஓடு வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் சூடடிக்கும் காலம் வந்தால் மாமா விடியற்காலையில் வாசலில் வந்து நிற்பார். கையில் பழக்குலையோ தயிர்ச் சட்டியோ இருக்கும்.

“மருமகன், கொழும்புல வேலை ஒண்டுமில்லயா?”

“இல்லயே மாமா.”

“தேடிப் பாருங்க. இருக்கும்.”

வருடந்தவறாமல் போனேன். வேலையே இல்லாமல் கொழும்பு போய், காலிமுகக் கடலில் கால் நனைத்து, பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு திரும்புவேன். மாமா பஸ் தரிப்பிடத்துக்கே வந்து, “எல்லாம் நல்லபடி” என்று கையைப் பிடித்துக்கொள்வார். தன் மூத்த மகனை யுத்தத்துக்கு அனுப்பி எதிர்கொள்கிறவர்போல.

மாமா மவுத்தாகி வந்த முதல் மாரிப்போகம். வயல் இப்போது சுலைஹாவின் பேரில். யார் என்னை விரட்டப் போகிறார்கள் என்று வெறுமையோடு விழித்தேன். கட்டில் காலடியில் என் பை, உடுப்பு மடித்து வைத்தபடி. பக்கத்தில் வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொதி.

“இதென்ன சுலைஹா?”

“கொழும்புக்குப் போங்க.”

“எனக்கு அங்க ஒரு வேலையுமில்லகா.”

“வாப்பா இருந்தா அனுப்பியிருப்பார்” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பையை எடுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் யன்னலோரம் இருந்தேன். கண் கலங்கி வெளியே ஒன்றும் தெரியவில்லை. டிக்கட் கிழிக்க வந்த கண்டக்டர் என்னைக் கண்டதும் நின்றான். சாரதிக்கும் பஸ்ஸுக்கும் பொதுவாகச் சொன்னான்:

“போடியார்ட மருமகன் ஏறிட்டார். நாவிதன்வெளியில இண்டைக்குச் சூடடிப்பு.”

முன் இருக்கையில் இருந்த கிழவர் திரும்பி, “அப்ப மழை வராதுதானே, தம்பி?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பஸ் புறப்பட்டது.