மண்டோர் என்னைத் திட்டிய நாள்

திட்டுவதில் மண்டோரை மிஞ்சக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. நான் கிள்ளானில் மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவன். பவர் மாறிப்போன கண்ணாடியோடு திரும்பி வருகிறவர்களிடம் மூன்று மொழியிலும் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மண்டோர் தமிழர் இல்லை. மலேசியப் பூர்வகுடி, தெமுவான் இனத்தவர். செம்பனைத் தோட்டத்தில் நம் ஆட்களோடு இருபத்தைந்து வருடம் வேலை செய்து, கடைசியில் அவர்களையே வேலை வாங்கும் மண்டோராகி, அந்தப் பெயரோடும் தோட்டத்துத் தமிழோடும் காட்டோரத்தில் இருந்த தன் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, திரும்பியவர்.

கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் இருந்து நாங்கள் எட்டுப் பேர் தொண்டு செய்யக் கிளம்பி, மாதம் ஒரு சனி ஞாயிறு அந்தக் கம்பத்துக்குக் கழிவறை கட்டப் போனோம். எனக்குத் தங்க இடம் கொடுத்தது மண்டோர் வீடு. விடிந்ததும் தகரத்தைத் தட்டுவார். எட்டுப் பேரும் வரிசையில் நிற்க வேண்டும். தோட்டத்தில் அதற்குப் பெரட்டு என்று பெயர். எங்களில் ஒருவர் கல்லூரி விரிவுரையாளர். முதல் நாள் பெரட்டிலேயே மண்டோர் அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது கையா, இட்லியா? நீ சிமெண்டத் தொடாத லா. அது பயந்துரும்."

முக்கி முனகி முதல் கழிவறையைக் கட்டி முடித்தோம். அடுத்த மாதம் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே ஏழு கோழிகள்.

"என்ன மண்டோரே இது?"

"மழையில நனையுதுங்க. பாவம்."

"அப்ப நீங்க?"

"எனக்குக் காடு இருக்கு. கோழிக்கு யாரு இருக்கா?"

அவர் மனைவிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கணவர் யாரையாவது தமிழில் பிடித்துக்கொண்டால், அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து திட்டு வாங்குகிறவன் கையில் வைத்துவிட்டுச் சிரிப்பார். நாங்கள் அவரை அக்கா என்போம். எங்கள் தமிழில் அவருக்குப் புரிந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அந்த வருடம் மேலே குன்றில் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். மழை வந்ததும் ஓடை புரண்டு வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்தபின் சேற்றை அள்ளப் போயிருந்தோம். ஞாயிறு மத்தியானம் அக்கா காய்ச்சலில் படுத்திருந்தார். கெண்டைக்கால் வலி தாங்கவில்லை என்று முனகினார். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன.

"டேய் கண்ணாடி," என்று மண்டோர் என்னைக் கூப்பிட்டார். அவர் எனக்கு வைத்த பெயர் அது. "நீ கண்ணுக்காரன்தானே? கொஞ்சம் பாரு."

நான் ஃபிரேமில் கண்ணாடி பொருத்துகிறவன். அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டினேன்.

"அடுப்புப் புகைதான் மண்டோரே. சாதாரணக் காய்ச்சல். மாத்திரை போட்டா சரியாயிடும்."

பையிலிருந்த கண் சொட்டு மருந்தையும் கொடுத்தேன். அவர் நம்பினார். நான் கிள்ளானுக்குத் திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அக்காவின் உடம்பு மஞ்சளாகிவிட்டது. மர லோரிகள் உழுதுபோட்ட பாதையில் எந்த வண்டியும் வரவில்லை. மண்டோர் மனைவியைத் தன் முதுகோடு சேர்த்துக் கைலியால் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனார். எலிக் காய்ச்சல் என்றார்கள். சேற்றுத் தண்ணீரில் வருவதாம். கண் சிவப்பதும் கெண்டைக்கால் வலிப்பதும் அதற்கு அறிகுறியாம். வியாழக்கிழமை அக்கா போய்விட்டார்.

அடக்கத்துக்கு மற்ற ஏழு பேரும் போனார்கள். எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று வாரம் கழித்துத் தனியாகப் போனேன். மண்டோர் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் எழவில்லை.

"அது எலிக் காய்ச்சல்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மண்டோரே."

"அப்புறம் ஏன் தெரிஞ்ச மாதிரி சொன்ன?"

கையிலிருந்த பொட்டலத்தைப் படியில் வைத்தேன்.

பிறகு திட்ட ஆரம்பித்தார். தமிழில், மலாயில், எனக்குப் புரியாத அவர் மொழியில். என் படிப்பை, என் கடையை, என் காலில் கிடந்த சப்பாத்தை, என்னைப் பெற்றவர்களை. நான் வரும் வழியில் வாங்கியிருந்த ரொட்டிப் பொட்டலத்தைக்கூட விடவில்லை. "சாவு வீட்டுக்குப் பழைய ரொட்டி வாங்கிட்டு வர்றான் பாரு!" அரை மணி நேரம் இருக்கும். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் மூச்சு வாங்கி, இருமி, ஓய்ந்தார். குன்றுப்பக்கம் மழை இருட்டியது. போய்விடலாம் என்று வண்டிச் சாவியை எடுத்தேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நாலு நாள் இருந்துட்டுப் போயேன்டா."

ஊரையே வேலை வாங்கிய குரல் அது. அதில் கெஞ்சலும் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைக்கு ஃபோன் போட்டேன். காய்ச்சல் என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. கால் சுளுக்கு என்றேன்.

அவர் கேட்டது நான்கு நாள். ஒன்பது நாள் இருந்தேன்.