எல்லாம் லூஸ் காண்டாக்ட்தான்

எது நின்றுபோனாலும் அதை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு "லூஸ் காண்டாக்ட்" என்று தீர்ப்புச் சொல்லும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மிக்ஸி சுற்றவில்லையா, தலையில் ஒன்று. டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லையா, முதுகில் ஒன்று. தட்டியதும் அது ஓடிவிட்டால் இவர்கள் முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், நாட்டிலுள்ள பொறியியல் கல்லூரிகளை எல்லாம் இழுத்துப் பூட்டிவிடலாம் என்று தோன்றும். ஓடாவிட்டால்? இன்னும் பலமாகத் தட்டுவார்கள்.

ராசிபுரத்தில் நெய் மண்டி வைத்திருக்கும் சண்முகவேல் இந்த இனத்தில் அசல் வித்து. மகள் சௌந்தர்யா பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கிய கார் அவருடையது. மகளுக்குக் கல்யாணமாகி, ஜேடர்பாளையத்தில் மாமனார் வீட்டில் முழுகாமல் இருக்கும் இந்த நாளிலும் அதைத்தான் ஓட்டுகிறார். கொஞ்ச நாளாகவே கார் திக்கும், இருமும், சந்தைக்கு நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அவர் பதறமாட்டார். இடப்பக்கம் சாய்ந்து, டேஷ்போர்டுக்கு அடியில் ஓரிடத்தில் முஷ்டியால் குத்துவார். கார் கிளம்பிவிடும். எந்நேரமும் எரிந்த மஞ்சள் எச்சரிக்கை விளக்குக்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது. மனைவி வெண்ணிலாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டார். விளக்கு தெரியவில்லை. கோளாறு தீர்ந்தது.

வெண்ணிலாவின் தொந்தரவு தாங்காமல் ஒரு நாள் மெக்கானிக் பூபதியிடம் காட்டினார்.

"ஈ.சி.எம். போயிருச்சுங்க," என்றார் பூபதி. "எஞ்சினுக்கு எப்ப பெட்ரோல் குடுக்கோணும்னு சொல்ற கம்ப்யூட்டரு அதுதானுங்க. சூட்டுல உள்ளுக்குள்ள ஈயம் வச்சுப் பத்தவச்சதெல்லாம் உட்டுப்போச்சு. வேற மாத்தோணும்."

"நான் காருதானப்பா வாங்குனேன். கம்ப்யூட்டரு எப்ப வாங்குனேன்?"

"அது கூடவே வந்துதுங்க."

"தட்டுனா ஓடுதே."

"ஆமாங்க. அதனாலதான் போயிருச்சுங்கறேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தில் "ஆமாங்க" மட்டும்தான் சண்முகவேலின் காதில் விழுந்தது. இந்த இனத்தின் காது அப்படி.

இப்படி இருக்கையில் சௌந்தர்யாவுக்குக் கட்டுச்சோற்று விருந்து வந்தது. பிறந்த வீட்டார் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு போய், விருந்து வைத்து, தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வரும் நாள். வாடகைக் கார் பிடிக்கலாம் என்றாள் வெண்ணிலா.

"எம் புள்ளய எங் கார்ல, நான் ஓட்டித்தான் கூட்டிட்டு வருவேன்," என்றார் சண்முகவேல். இதைக் கேலி செய்யக் கூடாது. மகளின்மேல் உயிரையே வைத்திருந்த மனிதர். அந்த ஒரு பயணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்.

விருந்து முடிந்தது. ராகு காலம் தொடங்குவதற்குள் கிளம்பியாக வேண்டும், வாசல் இறங்கிய பெண் திரும்பி உள்ளே போகக் கூடாது. கை நிறைய வளையலோடு சௌந்தர்யா முன்சீட்டில் உட்கார்ந்தாள், வெண்ணிலா பின்னால். சண்முகவேல் சாவியைத் திருப்பினார். கார் பேசவில்லை. குத்தினார். ம்ஹூம்.

சம்பந்தி அர்த்தநாரி தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தார். "லூஸ் காண்டாக்ட்டா இருக்குமுங்க சம்பந்தி," என்று பானெட்டில் ஓங்கி ஒன்று வைத்தார். அவ்வளவுதான், அங்காளி பங்காளி எல்லாருக்கும் கை ஊறியது. ஒருவர் பேட்டரியைத் தட்ட, இன்னொருவர் கதவை அறைந்து சாத்த, கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு போன சித்தப்பா ஒருவர் பழைய கணக்கைத் தீர்ப்பதுபோல் டயரை உதைக்க, கார் கிளம்பிவிட்டது. யார் தட்டியதால் கிளம்பியது என்ற சண்டையை அங்கேயே விட்டுவிட்டு, வெற்றிப் புன்னகையோடு புறப்பட்டார் சண்முகவேல்.

திருச்செங்கோடு ரோட்டில், இறக்கத்தில், நல்ல வேகத்தில் போகும்போது எஞ்சின் மொத்தமாக அடங்கியது. பின்னால் வந்த போர்வெல் ரிக் லாரி டயர் கிறீச்சிட ஒடித்து, ஒரு முழ இடைவெளியில் தாண்டிப் போனது. ஹாரன் சத்தம் வெகுதூரம் கேட்டது. சௌந்தர்யா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காரை ஓரத்துக்கு உருட்டி நிறுத்திய சண்முகவேல், பழக்க தோஷத்தில் இடப்பக்கம் சாய்ந்து முஷ்டியை மடக்கினார்.

"ஏனுங்கப்பா," என்றாள் சௌந்தர்யா மெதுவாக. "எனக்கு வலி வந்தாலும் இப்பிடித்தான் ரெண்டு தட்டுத் தட்டிப் பாப்பீங்களா?"

கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அது லூஸ் காண்டாக்ட் அல்ல. அவர் அவமானத்தில் கூசிப்போனார், பயத்தில் கண் கலங்கியது. "இல்ல சாமி," என்று மட்டும் சொல்லிவிட்டு, வாடகைக் காருக்குப் போன் செய்தார்.

மறுநாளே பூபதி வேறு ஈ.சி.எம். மாட்டி, அதற்கும் பழைய சாவிக்கும் லேப்டாப் வைத்து அறிமுகம் செய்துவைத்தார். அறிமுகம் இல்லாத சாவியை அது மதிக்காதாம். சம்பந்தி வீட்டாரைவிடக் கண்டிப்பு. சௌந்தர்யாவுக்கு வலி எடுத்த அன்று கார் ஒரே திருப்பலில் கிளம்பியது. இப்போது மஞ்சள் விளக்கு எரிவதில்லை, பொட்டு மட்டும் இருக்கிறது. வண்டி எடுக்குமுன் யாரும் பார்க்காதபோது டேஷ்போர்டுக்கு அடியில் லேசாக ஒரு தட்டுத் தட்டிக்கொள்கிறார் என்று வெண்ணிலா சொல்கிறாள். பிறவிக் குணம், என்ன செய்வது?

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் சுருக்கென்றதே, பாதியில் நின்று, நெஞ்சை இரண்டு தட்டுத் தட்டி, வராத ஏப்பத்தை வரவழைத்து, "ஒண்ணுமில்ல, வாயு" என்று வீட்டில் சொன்னீர்களே. எங்கே ஒட்டியிருக்கிறீர்கள் அந்தப் பொட்டை?