மத்தியான அமைதியும் தானே வாசிக்கும் ஓர்கனும்

நியாயம் கேட்கப் போகும்போது கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகக்கூடாது. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஜெர்மன் பேசும் பாசல் நகரில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை அங்கே சத்தம் கூடாது. அந்த நேரத்தில் நான் சம்பல் இடித்ததில்லை; தும்மல் வந்தால்கூடத் தலையணைக்குள் தும்முவேன். என் கைக்குழந்தைக்குத்தான் சட்டம் தெரியாது. அவள் அழுதால், மேல்வீட்டு ஹெர் வேபர் (ஹெர் என்றால் ஐயா) தடியால் தன் வீட்டு நிலத்தில் இடிப்பார்.

“சனத்தோட சண்டைக்குக் கொழுவாதையும். முறைப்பாடு போனா வீட்டை விட்டு எழுப்பிப்போடுவாங்கள்,” என்பார் என் கணவர்.

ஒரு நாள் மகளை அப்போதுதான் நித்திரையாக்கியிருந்தேன். மேலேயிருந்து கலியாண ஊர்வலம் போல ஓர்கன் இசை இறங்கியது. மணி பன்னிரண்டரை! மகள் வீரிட்டாள். (தடி எங்கே ஐயா, இப்போது?)

அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறும்போதே ஜெர்மன் வசனத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். மரியாதை காணுமா, கூடிவிட்டதா? கதவைத் திறந்த ஹெர் வேபர் வெறுங்கையை விரித்துக் காட்டினார்.

“நான் வாசிக்கவில்லையே. அது தானாக வாசிக்கிறது.”

உண்மைதான். ஓர்கனுக்கு முன்னால் ஆளில்லை. துளை துளையாகக் குத்திய காகிதச் சுருள் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. துளை வந்த இடத்தில் காற்றுப் புகுந்து சுரம் ஒலித்தது. இடையில் நிறுத்தினால் பழைய காகிதம் கிழிந்துவிடுமாம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெர்மன் பறந்துவிட்டது.

“அப்ப என்ர பிள்ளையை மட்டும் நானோ சாவி குடுத்து அழவைக்கிறன்? அவளும் தன்பாட்டிலதான் அழுறாள்!”

நான் கையை நீட்டிக் கேட்க, மகளும் கையை நீட்டினாள். சர்ரென்று காகிதம் கிழிந்தது. காற்று வழிகளை மறைத்திருந்த காகிதம் போனதும் எல்லாச் சுரங்களும் ஒரேயடியாக ஓலமிட்டன. கட்டடம் முழுவதும் கதவுகள் திறந்தன. அத்தனை கண்களும் யாரைப் பார்த்தன? என்னைத்தான்!

ஹெர் வேபர் விசையை நிறுத்திவிட்டு, கிழிந்த துண்டைத் தூக்கிப் பிடித்தார். “உங்கள் குழந்தை!”

வீடு போச்சு என்று புத்தி எச்சரித்தது. வாய் கேட்டால்தானே? திருத்தமான ஜெர்மனில் சொன்னேன்: “இல்லை. அது தானாகக் கிழிந்தது.”

முறைப்பாடு போகவில்லை. போயிருந்தால் எத்தனை மணிக்கு நடந்தது என்றும் அவர் சொல்லவேண்டியிருக்குமே! தடியும் அன்றோடு ஓய்ந்தது. மறுநாள் மனம் கேளாமல், சுருளை ஒட்டிக் கொடுக்க டேப்பும் கூடவே வடையும் கொண்டுபோனேன். வடையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். (தட்டு இன்றுவரை திரும்பவில்லை.)

இன்றும் வீட்டில் எது உடைந்தாலும், “நான் இல்லையம்மா, தன்பாட்டில,” என்கிறாள் மகள். தகப்பன் அதற்கும் மேல். போன கிழமை அவருடைய குறட்டையைப் பற்றி முறையிட்டேன்.

“நான் விடேல்லையப்பா, அது தன்பாட்டில வருது. இடையில நிப்பாட்டினா கிழிஞ்சுபோம்.”