இன்ஜினியர் அளந்த குமிழ்

எலெக்ட்ரிக் கிடாரில் வால்யூம் குமிழ் இருந்த இடத்தில் மொட்டைத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துத் தேடினாள். ஒரு ஹேர்பின்னும் நிறையத் தூசியும் கிடைத்தன.

இன்ஜினியர் என்பது தெரு வைத்த பெயர். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதனால் யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும் அவளைக் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் வேலை, ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது. வீட்டில் அதே வேலையை இலவசமாகச் செய்தாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஒத்திகை. ஆபீஸ் ஆண்டுவிழாக் குழுவில் கிடாருக்கு ஒரே ஒரு இடம், அது யாருக்கு என்று அன்றுதான் முடிவாகும். போட்டிக்கு நிற்பவன் மேனேஜரின் தங்கை மகன், ஆறு வயதிலிருந்தே வீட்டுக்கு வாத்தியார் வரவழைத்துக் கற்றவன். இவளோ வீடியோ பார்த்து விரல் காய்த்தவள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் இந்தப் பழைய கிடாரை வாங்கியிருந்தாள். "இதெல்லாம் நம்ம வீடுகள் மாதிரி ரத்தத்திலேயே ஊறியிருக்கணும்" என்று அவன் கேண்டீனில் சொன்னது காதில் விழுந்ததிலிருந்து, அந்த இடத்தை விட்டுக்கொடுப்பதற்குப் பதில் கிடாரையே மென்று தின்னலாம் என்று இருந்தாள்.

சமையலறை வாசலில், துடைப்பத்துக்குப் பின்னால், கறுப்பாக ஒரு குமிழ் கிடந்தது. பாய்ந்து எடுத்தாள்.

கொஞ்சம் பிசுபிசுத்தது. முன்பு கிடாரை வைத்திருந்தவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாதவன் என்று தீர்ப்புச் சொன்னாள். கிடாரின் மற்ற மூன்று குமிழ்களிலும் ஒன்று முதல் பத்து வரை எண்கள் இருந்தன. இதில் இல்லை. தேய்ந்திருக்கும். தண்டில் வைத்து அழுத்தினாள், ஏறவில்லை. தண்டு உருண்டை, சுற்றிலும் பற்கள். குமிழின் ஓட்டையோ ஒரு பக்கம் தட்டை. விற்றவன் உள்ளே எதையோ மாற்றி ஏமாற்றிவிட்டான்.

அம்மா கையில் குறடோடு எட்டிப் பார்த்தாள். சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள்.

"ஏண்டி, அந்த உருண்டையையா தேடுற? அது..."

"அம்மா, இது எலெக்ட்ரானிக்ஸ். நீ போய்ப் பாலைப் பாரு."

அம்மா பாலைப் பார்க்கப் போனாள்.

இன்ஜினியர் குமிழை வெர்னியர் காலிப்பரால் அளந்தாள். விட்டம், உயரம், ஓட்டையின் ஆழம், எல்லாவற்றையும் மும்மூன்று தடவை. சராசரி எடுத்து, அட்டவணை போட்டு, குமிழை ஜிப் வைத்த பையில் பூட்டி இசைக்கருவிக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் பையை வாங்கிக்கொண்டே, "தம்பிக்கா மேடம்?" என்றார்.

"எனக்கு."

அதோடு அவருக்கான மரியாதை முடிந்தது. அவர் குமிழைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "இது கிடாரோடதுதானா?" என்று மெதுவாகக் கேட்டார். ஒரு பெண் எதைக் கொண்டுவந்தாலும் சந்தேகப்படும் ஆண்களைப் பற்றி இன்ஜினியர் நின்ற இடத்திலேயே ஒரு சொற்பொழிவு ஆற்றினாள். தான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ் என்பதை அதில் இரண்டு முறை சொன்னாள். பிழைக்கத் தெரிந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு தட்டுகளை எடுத்துப் பரப்பினார்.

தேர்வு ஒரு மணி நேரம் நடந்தது. தங்கநிறம் அலட்டலாக இருந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது இருமல் மருந்து மூடியை ஞாபகப்படுத்தியது. உலோகம் வியர்வையில் வழுக்கும். கடைசியில் முத்துவெள்ளையில் நான்கு, தட்டை ஓட்டை போட்டவையாகப் பார்த்து வாங்கினாள். காலிப்பரை வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் பில் போடவிட்டாள்.

வீட்டில் நான்கில் ஒன்றும் ஏறவில்லை.

மாதிரிக் குமிழ் சரி, புதுக் குமிழ்களும் மாதிரிக்குச் சரி. ஆகவே தப்பு கிடாருடையது. மறுநாள் போய்த் தட்டைத் தண்டு வைத்த வால்யூம் கண்ட்ரோல் வாங்கி வந்தாள். கடைக்காரர் இந்த முறை எதுவுமே கேட்கவில்லை. அதுவும் அவளுக்குக் கோபம்தான்.

சனிக்கிழமை காலை சால்டரிங் அயர்னைச் சூடாக்கினாள். பழைய கண்ட்ரோலைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் எறிந்தாள். புதியதை வைத்துப் பற்றவைத்ததில் கிடாரின் வயிற்றில் ஓரிடம் கருகியது. குமிழ் ஏறியது, ஆனால் ஆடியது. சாக்லேட் காகிதத்தை மடித்துச் செருகினாள். ஒன்று மட்டும் வெள்ளையாக, மீதி மூன்றும் கறுப்பாக நிற்பதைப் பார்த்தால் பொய்ப்பல் கட்டியதுபோல் இருந்தது. அதற்காக மற்றவற்றைக் கரண்டிக் காம்பால் நெம்பினாள். ஒன்று இரண்டாகப் பிளந்தது. ஆம்ப்ளிஃபையரைப் போட்டாள். கிடாரிலிருந்து ரைஸ்மில் ஓடும் சத்தம் வந்தது.

"அந்த உருண்டை விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று அம்மா மறுபடி வந்தாள்.

"அம்மா, இப்ப மட்டும் பேசாதே."

பதினோரு மணிக்கு டிரம்ஸ் வாசிக்கும் அக்கவுண்டண்ட் போன் செய்தார். மேனேஜர் வீட்டுப் பையன் இப்போதே வந்து உட்கார்ந்திருக்கிறானாம், மூன்று கிடாரோடு. நாலு மணி தாண்டினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். "வந்துடுவேன்" என்றாள். குரல் அவளுக்கே நம்பும்படி இல்லை.

சமையலறைத் தரையில் போய் உட்கார்ந்தாள். நாலு வருடப் படிப்பு, ஒரு காலிப்பர், ஒரு அட்டவணை, கடைசியில் ஒரு ரைஸ்மில். மாதிரிக் குமிழைப் பையிலிருந்து எடுத்து எதிரே வைத்துக்கொண்டு, விற்றவனையும் கடைக்காரரையும் மேனேஜரின் மொத்தக் குடும்பத்தையும் வரிசையாகத் திட்டினாள். வேறு யாரும் மிச்சமில்லாமல் போனபோது, பட்டியலில் தன் பெயர் விட்டுப்போனது மெல்ல உறைத்தது.

"என்னமோ சொல்ல வந்தியே, சொல்லும்மா" என்றாள்.

அம்மா குனிந்து குமிழை எடுத்து முந்தானையில் துடைத்தாள். கேஸ் அடுப்பின் இடதுபக்கம், பத்து நாளாகக் குறடு மட்டுமே திருகிக்கொண்டிருந்த தண்டில் அதை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. திருகினாள், நீலத் தீ வட்டமாக எழுந்தது.

இன்ஜினியர் எழுந்து வந்து அதை ஒருமுறை முன்னும் பின்னும் திருகிப் பார்த்தாள்.

அம்மா பாலை அடுப்பில் ஏற்றினாள்.

"உன் கிடார் உருண்டை விழுந்த அன்னிக்கே எடுத்து, இந்த வீட்டுல இருக்கறதுலயே பத்திரமான இடம்னு உன் டிகிரி சர்டிபிகேட் கவருக்குள்ள போட்டு வெச்சேன், காலையில நீ குப்பையில எறிஞ்சதையும் எடுத்து அதுலதான் போட்டிருக்கேன். அந்தக் கவரை நீ ஒருநாளாவது திறந்து பார்ப்பேன்னு நெனச்சேன்டி."