காம்பு என்று ஒருத்தி

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ பெண்கள் பூ வாங்குகிறார்கள். அத்தனை பேரிலும் பூவின் முகத்தை விட்டுவிட்டு முதுகைப் பார்த்தவள் ஒருத்திதான். அவளை நாங்கள் ‘காம்பு’ என்று கூப்பிட்டோம். ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டு ஒன்றில் எனக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. படித்தது தாவரவியல். பார்த்தது லாரிகளுக்கு கேட் பாஸ் போடும் வேலை. ஏன் இங்கே வந்தாய் என்றால், “வூட்ல சோறு துன்னணும்ல தோஸ்து” என்பாள்.

யார்டு வாசலில் தாமரை விற்கும் அம்மாவோடு அவளுக்குத் தினமும் தகராறு.

“தண்டு எம்மா நீளம் பாரு, வாங்கிக்கமா.”

“அது தண்டு இல்லக்கா, காம்பு. தண்டு கீழ சேத்துல படுத்துகினு கீது.”

“இன்னாமா, பூ வாங்க வந்தியா, பரீச்ச வெக்க வந்தியா?”

இவள் வாங்கவும் மாட்டாள், நகரவும் மாட்டாள். கடைசியில் அந்த அம்மாவே ஒரு மொட்டைக் கையில் திணித்து, “எட்துகினு போ தாயே, யாவாரத்த கெடுக்காத” என்று துரத்திவிடுவார்.

மும்பையிலிருந்து பெரிய முதலாளி வந்த அன்று, பூங்கொத்து கொடுக்கும் பொறுப்பை மேனேஜர் இவளிடம் ஒப்படைத்தார். முதலாளி காரை விட்டு இறங்கி இரண்டு கைகளையும் நீட்டினார். காம்பு பூங்கொத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“சார், இந்த ஜெர்பராவப் பாருங்க. காம்புல ஒரு இலகூட இல்ல. மண்ணுலேர்ந்து நேரா கெளம்பி வந்து பூத்துடுது!”

முதலாளிக்குத் தமிழ் தெரியாது. தன்னைத்தான் புகழ்கிறாள் என்று நினைத்து, நீட்டிய கைகளை நீட்டியபடியே வைத்துக்கொண்டு “தேங்க்யூ, தேங்க்யூ” என்றார். மேனேஜருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சிரிப்பதற்காகத்தான் முதலில் அவள் பக்கம் திரும்பினேன். பிறகு சிரிக்க எதுவும் இல்லாதபோதும் திரும்பினேன்.

ஒரு சாயங்காலம் துணிந்து, டோல்கேட் பூக்கடையில் நீளக் காம்போடு சம்பங்கி வாங்கிக்கொண்டு யார்டு ஆபீசுக்குப் போனேன். பேச வேண்டியதை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். வாங்கிய கையோடு அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.

“ஐய, அழகா கீதுபா! கொத்துல ஒவ்வொரு பூவுக்கும் தனியா ஒரு குட்டிக் காம்பு வரும்ல, இதுல அது பேருக்குத்தான். நடுக்காம்புலயே ஒட்டிகினு, ரெண்டு ரெண்டா குந்திகினு கீது பாரு.”

“நாமளும் அப்டி குந்தலாமா?” என்றேன். மனப்பாடம் செய்ததில் இது இல்லை.

பூவை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“கல்யாணத்துக்குக் கேக்கிறியா?”

“ஆமா.”

“உன்ன புடிக்காம இல்ல. ஆனா கொடைக்கானல் பக்கம் ஒரு செடிப் பண்ணையில வேல வந்துகீது. நாள் பூரா செடியோட இருக்கலாம். இத வுட்டா ஆயுசுக்கும் கேட் பாஸ்தான். நீயும் வரியா?”

என் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. வாரத்தில் பாதி நாள் நான் ஆஸ்பத்திரியில்தான் கிடப்பேன் என்பது அவளுக்கும் தெரியும். நான் பதில் சொல்வதற்குள், “தெரியும்பா, சும்மா கேட்டேன்” என்று அவசரமாகச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். சம்பங்கியைக் கீழே வைக்கவில்லை.

அந்த வாரமே கிளம்பிப் போனாள்.

போன மாதம் போன் செய்தாள். பண்ணையில் பார்க்குமிடமெல்லாம் பூவாம். வேலை ரொம்பப் பிடித்திருக்கிறதாம்.

“நல்லா கீறியா?” என்றேன்.

“கீறேன். ஆனா இங்க ஒரு சத்தமே இல்லபா, காது அடச்சிகினாப்ல கீது. கொஞ்சம் வெளிய போயி, ரோட்டுப் பக்கமா போனக் காட்டேன்.”

காட்டினேன். டிரெய்லர்கள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஒரு கிளீனர் யாரையோ வாய் நிறையத் திட்டினான். சத்தம் ஓய்ந்ததும் போனைக் காதில் வைத்தேன். அவள் லைனில்தான் இருந்தாள்.

அடுத்த லாரி வரட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.